ஈராக் போரும் பிரிட்டன் லேபர் கட்சியும்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

2003 பிப்ரவரி 15 அன்று லண்டனில் நடந்த போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் நானும் நடந்தேன். குளிர் எலும்பைத் துளைத்தது. ஹைட் பார்க் போய்ச் சேர்வதற்குள் கையில் பிடித்திருந்த அட்டையின் குச்சியை விரல்களால் உணரவே முடியவில்லை. அன்று வந்தவர்கள் ஏழரை லட்சம் என்றது போலீஸ். இருபது லட்சம் வரை இருக்கும் என்றார்கள் நடத்தியவர்கள். ஐந்து வாரத்துக்குள் போர் தொடங்கிவிட்டது.

ஊரிலிருந்து வரும் உறவினர்களும், அப்போது கைக்குழந்தையாக இருந்த இன்றைய கல்லூரிப் பிள்ளைகளும் இதைப் பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஈராக் போர் அமெரிக்கா நடத்தினதுதானே? இதுல பிரிட்டனை ஏன் இழுக்கறீங்க?

சதாம் உசேனின் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லிப் போரை முன்னின்று நடத்தியது ஜார்ஜ் புஷ்ஷின் அமெரிக்காதான். ஆனால் 2003 மார்ச் 20 அன்று தொடங்கிய படையெடுப்பில் பிரிட்டன் சுமார் 45,000 வீரர்களோடு கலந்துகொண்டது. தெற்கே பாஸ்ராவும் அதைச் சுற்றியுள்ள மாகாணங்களும் பிரிட்டிஷ் படையின் பொறுப்பில் இருந்தன. 2009 வரை அங்கே இருந்தார்கள். 179 பிரிட்டிஷ் படையினர் இறந்தார்கள்.

அப்போது ஆட்சியில் இருந்தது தொழிலாளர்களின் கட்சியான லேபர். பிரதமர் டோனி பிளேர். அமைதி இயக்கங்களில் வளர்ந்த பலர் அந்தக் கட்சியில் எம்.பி.க்களாக இருந்தார்கள். அப்படிப்பட்ட கட்சி இந்தப் போருக்குள் போனது எப்படி, அதற்கு யார் பதில் சொன்னார்கள் என்பதே இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது.

போருக்கு முன்னாடி நாடாளுமன்றத்துல ஓட்டு எடுத்தாங்களா, இல்ல பிரதமரே முடிவு பண்ணிட்டாரா?

ஓட்டெடுப்பு நடந்தது. சட்டப்படி அது தேவையே இல்லை. பிரிட்டனில் படையை அனுப்பும் அதிகாரம் அரசரின் பழைய தனியுரிமையிலிருந்து வருகிறது. அரசர் பெயரால் பிரதமர் அதைப் பயன்படுத்துகிறார். ஆனாலும் 2003-ல் கட்சிக்குள் இருந்த கொதிப்பைப் பார்த்து, சபையில் ஓட்டுக்கு விட அரசு ஒப்புக்கொண்டது.

மார்ச் 18 இரவு இரண்டு ஓட்டெடுப்புகள். போருக்கான நியாயம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று சொன்ன திருத்தத்துக்கு ஆதரவு 217, எதிர்ப்பு 396. அடுத்து அரசின் தீர்மானம் 412-க்கு 149 என்று நிறைவேறியது. திருத்தத்தை ஆதரித்தவர்களில் 139 பேர் லேபர் எம்.பி.க்கள். மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 26 அன்று, இதே போன்ற ஓட்டெடுப்பில் 121 பேர் எதிர்த்திருந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் பிளேர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசியும் எண்ணிக்கை கூடத்தான் செய்தது.

சொந்தக் கட்சியிலேயே 139 பேர் எதிர்த்தும் எப்படி ஜெயிச்சாங்க?

எதிர்க்கட்சி காப்பாற்றியது. இயன் டங்கன் ஸ்மித் தலைமையிலான கன்சர்வேட்டிவ் கட்சியில் பெரும்பாலோர் அரசோடு சேர்ந்து ஓட்டளித்தார்கள். அவர்கள் எதிர்ப்பக்கம் போயிருந்தால் அரசு தோற்றிருக்கும். தோற்றிருந்தால் பிளேர் பதவியில் நீடித்திருக்க முடியாது. பெரிய கட்சிகளில் சார்லஸ் கென்னடியின் லிபரல் டெமாக்ரட் மட்டுமே எதிர்த்து நின்றது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி வரும்போது மறுபடி தேவைப்படும்.

கொறடா உத்தரவை மீறினா எம்.பி. பதவி போயிடாதா?

இந்தியாவைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடாவை மீறினால் பதவியே பறிபோகலாம். பிரிட்டனில் அப்படிச் சட்டம் கிடையாது. எம்.பி.க்களுக்கு வாராவாரம் ஒரு தாள் வரும். முக்கியமான ஓட்டெடுப்பின் கீழே மூன்று கோடு போட்டிருப்பார்கள். அதை மீறினால் கட்சி கோபித்துக்கொள்ளலாம், மந்திரி பதவிக் கனவு கலையலாம், மிஞ்சிப்போனால் கட்சிக் குழுவிலிருந்து நீக்கலாம். எம்.பி. பதவியைத் தொட முடியாது.

அதனால்தான் 139 பேரால் எழுந்து நிற்க முடிந்தது. மற்றவர்களைப் பணியவைத்தது வேறு பயம். இரண்டு தேர்தலில் அமோகமாக ஜெயித்துக் கொடுத்த தலைவரைத் தங்கள் கையாலேயே வீழ்த்துவதா என்ற தயக்கம் பலருக்கு இருந்தது.

மந்திரிகள் யாருமே ராஜினாமா பண்ணலையா?

பண்ணினார்கள். மிகவும் நினைவில் நிற்பவர் ராபின் குக். முன்னாள் வெளியுறவு அமைச்சர். அப்போது சபை முன்னவர். மார்ச் 17 அன்று பதவி விலகி, அன்றிரவு பின்வரிசையிலிருந்து பேசினார். பொதுவாகப் புரிந்துகொள்ளப்படும் பொருளில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் அநேகமாக இல்லை என்றார். வெளியுறவு அமைச்சராக உளவுத் தகவல்களைப் படித்தவர் அப்படிச் சொன்னார். கீழவையான காமன்ஸ் சபையில் கைதட்டும் வழக்கம் இல்லை. அன்று எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மறுநாள் ஜான் டென்ஹம், பிலிப் ஹண்ட் என்ற இரண்டு இணை அமைச்சர்கள் விலகினார்கள். சர்வதேச வளர்ச்சி அமைச்சர் கிளேர் ஷார்ட் விலகுவேன் என்று வெளிப்படையாக எச்சரித்துவிட்டு, பிறகு நீடித்து, மே 12 அன்று விலகினார். அவர் முதலிலேயே போயிருக்க வேண்டும் என்று அன்று எனக்குக் கோபம் இருந்தது. இன்றும் அது முழுதாகப் போகவில்லை.

அந்த “45 நிமிடம்” விவகாரம் என்ன?

2002 செப்டம்பர் 24 அன்று அரசு ஓர் ஆவணத்தை வெளியிட்டது. உத்தரவு வந்து 45 நிமிடத்தில் ஈராக் இரசாயன, உயிரியல் ஆயுதங்களைப் பயன்படுத்த முடியும் என்று அதில் இருந்தது. மறுநாள் பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. சைப்ரஸில் உள்ள பிரிட்டிஷ் தளங்களைத் தாக்க 45 நிமிடம் போதும் என்கிற அளவுக்குப் போனது.

உண்மையில் அந்தத் தகவல் போர்க்களத்தில் பயன்படும் சிறு ஆயுதங்களைப் பற்றியது. நெடுந்தூர ஏவுகணைகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த வேறுபாட்டை ஆவணம் சொல்லவில்லை. பத்திரிகைகள் தப்பாக எழுதியபோது அரசும் திருத்தவில்லை. எதைக் குறிக்கிறது என்று சொல்லாமல் அதைச் சேர்த்திருக்கக் கூடாது என்று 2004-ல், உளவுத் தகவல்களை ஆராய்ந்த பட்லர் குழு சொன்னது. அந்தத் தகவலையே உளவுத்துறை திரும்பப் பெற்றுவிட்டதாக அதே ஆண்டு அக்டோபரில் வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா சபையில் அறிவித்தார். அதற்குள் போர் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

நேரா சொல்லுங்க, பிளேர் பொய் சொன்னாரா இல்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இந்தக் கேள்வி அவருக்குத்தான் வசதி என்பது என் கருத்து. பொய் என்றால் மனதறிந்து சொன்னார் என்று காட்ட வேண்டும். ஒருவர் மனதுக்குள் என்ன நம்பினார் என்பதை யார் நிரூபிப்பது? “நான் நேர்மையாக நம்பினேன்” என்று அவர் சொன்னதும் விவாதம் அங்கேயே நின்றுவிடுகிறது.

நிரூபிக்கக்கூடியது வேறொன்று. உளவுத்துறைத் தாளில் இருந்ததற்கும் சபையிலும் மக்களிடமும் சொல்லப்பட்டதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மேலே சொன்ன செப்டம்பர் ஆவணத்தின் முன்னுரையில், சதாம் இரசாயன, உயிரியல் ஆயுதங்களைத் தொடர்ந்து தயாரிப்பதைத் தகவல்கள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருப்பதாக பிளேர் எழுதினார். உளவுக் குழுவின் மதிப்பீடுகள் அப்படி ஐயமின்றி எதையும் நிறுவவில்லை. போருக்குப் போன முடிவை விசாரித்த குழுவின், பின்னால் வந்த சில்காட் அறிக்கை, நியாயப்படுத்த முடியாத உறுதியோடு அந்த மதிப்பீடுகள் முன்வைக்கப்பட்டன என்று எழுதியது. பொய் என்ற சொல் அதில் இல்லை. அந்தச் சொல் இல்லாமலேயே இது எவ்வளவு கடுமையான தீர்ப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு தாளும் உண்டு. 2002 ஜூலை 28 அன்று பிளேர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பு, “எது வந்தாலும் நான் உங்களோடு இருப்பேன்” என்று தொடங்குகிறது. சபையில் ஓட்டெடுப்பு நடந்ததற்கு ஏறக்குறைய எட்டு மாதம் முன்பு எழுதியது. அமைச்சரவையில் அதை வைத்து விவாதிக்கவில்லை.

போர் சட்டப்படி சரின்னு அரசு வக்கீலே சொன்னாரே?

இரண்டு முறை சொன்னார், இரண்டு விதமாக. அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் மார்ச் 7 அன்று பிளேருக்குக் கொடுத்த ஆலோசனை 13 பக்கம். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் இரண்டாவது தீர்மானம் வாங்குவதே சட்டப்படி பாதுகாப்பான வழி. ஆயுதங்களைக் களைய ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு தந்து 2002 நவம்பரில் வந்த 1441-வது தீர்மானமே போதும் என்று வாதிட முடியும், ஆனால் நீதிமன்றம் அதை ஏற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று அதில் எழுதியிருந்தார். இரண்டாவது தீர்மானம் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து, மார்ச் 17 அன்று, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்கு எழுத்துமூலம் ஒரு பதில் தந்தார். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் பதில். தயக்கங்கள் எதுவும் அதில் இல்லை. போருக்கு அதிகாரம் உண்டு என்று மட்டும் இருந்தது. அன்று அமைச்சரவை முன் வைக்கப்பட்டதும் அந்தச் சிறு தாள்தான். 13 பக்க ஆலோசனை அமைச்சர்களிடம் கொடுக்கப்படவில்லை. கேள்வி கேட்க முயன்றபோது தன்னை அடக்கிவிட்டார்கள் என்று கிளேர் ஷார்ட் பின்னாளில் விசாரணையில் சொன்னார். வெளியுறவு அலுவலகத்தின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் இந்தப் போர் சட்டவிரோதம் என்று கருதி வேலையை விட்டார்.

எனக்கு இந்த விவகாரம் முழுவதிலும் முக்கியமான இடம் இதுதான். மறுநாள் இரவு 412 பேர் ஆதரித்து ஓட்டளித்தார்களே, அவர்களில் எத்தனை பேர் 13 பக்கத்தைப் படித்திருந்தால் வேறு மாதிரி ஓட்டளித்திருப்பார்கள்? அந்த ஆவணம் முழுதாக வெளிவந்தது 2005 ஏப்ரல் 28 அன்று.

ஆயுதமே இல்லைன்னு தெரிஞ்ச பிறகும் 2005 தேர்தல்ல லேபர் எப்படி ஜெயிச்சது?

ஜெயித்தது, ஆனால் அடி வாங்கித்தான் ஜெயித்தது. 167 ஆக இருந்த பெரும்பான்மை 66 ஆகக் குறைந்தது. வாக்கு விகிதம் 35.2 சதவீதம். பொருளாதாரம் நன்றாக இருந்தது. போரை ஆதரித்த கன்சர்வேட்டிவ்களிடம் போக, போரால் கோபப்பட்டவர்களுக்குக் காரணம் இல்லை. லிபரல் டெமாக்ரட் 62 இடம் பிடித்தது. லேபர் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஜார்ஜ் காலவே கிழக்கு லண்டனில் 823 ஓட்டு வித்தியாசத்தில் லேபரைத் தோற்கடித்தார்.

அந்த இரவில் ஒரு காட்சியை மறக்க முடியாது. பிளேரின் செட்ஜ்ஃபீல்டு தொகுதியில், ஈராக்கில் கொல்லப்பட்ட ஆறு இராணுவப் போலீஸாரில் ஒருவரின் தந்தை சுயேச்சையாக நின்று 4,252 ஓட்டு வாங்கியிருந்தார். முடிவு அறிவித்ததும் தோற்ற வேட்பாளராக அவர் மைக் முன் வந்து, பிரதமர் ஒருநாள் மன்னிப்புக் கேட்பார் என்று நம்புவதாகச் சொன்னார். பின்னால் இரண்டடி தள்ளி பிளேர் நின்றார். முகத்தில் அசைவில்லை. நான்காம் இடம் பிடித்த வேட்பாளருக்குப் பேசும் உரிமை உண்டு என்ற ஒரே வழக்கத்தால்தான் அந்தத் தகப்பனால் அதை நேருக்கு நேர் சொல்ல முடிந்தது.

எத்தனை விசாரணைக் கமிஷன்தான் வெச்சாங்க?

நீதிபதி ஹட்டன் விசாரித்தது, செப்டம்பர் ஆவணம் மிகைப்படுத்தப்பட்டது என்ற பி.பி.சி. செய்திக்குத் தகவல் தந்தவர் என்று பெயர் வெளியான ஆயுத நிபுணர் டேவிட் கெல்லியின் மரணத்தை மட்டும். 2004 ஜனவரியில் வந்த அவரது அறிக்கை அரசை விடுவித்து பி.பி.சி.யைக் குறை சொன்னது, பி.பி.சி.யின் தலைவரும் தலைமை இயக்குநரும் பதவி விலகினார்கள். போருக்குப் போன அரசில் யாரும் விலகவில்லை. பட்லர் குழு உளவுத் தகவல்களை மட்டும் பார்த்தது. பிளேர் ஒருசிலரோடு சோபாவில் உட்கார்ந்து பேசியே முடிவெடுத்தார், முறையான கூட்டக் குறிப்புகள் குறைவு என்று அது கண்டது. தனிநபர் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

போருக்குப் போன முடிவையே முழுதாக விசாரித்தது சில்காட் குழுதான்.

அந்தச் சில்காட் அறிக்கைக்கு ஏன் ஏழு வருஷம்?

2009 ஜூனில், பிளேருக்குப் பின் பிரதமரான கோர்டன் பிரவுன் அறிவித்தபோது விசாரணையை மூடிய கதவுக்குள் நடத்தவே நினைத்தார். எதிர்ப்பு வந்ததும் திறந்த விசாரணையானது. பிளேர் 2010-லும் 2011-லும் இரண்டு முறை சாட்சி சொன்னார். அப்புறம் இழுபறி. பிளேர், புஷ் கடிதங்களை வெளியிடலாமா என்று அமைச்சரவைச் செயலகத்தோடு நீண்ட தகராறு. அறிக்கையில் குறை சொல்லப்படுகிறவர்களுக்கு முன்கூட்டியே அந்தப் பகுதியைக் காட்டிப் பதில் வாங்கும் நடைமுறையும் நேரத்தைத் தின்றது. குழு உறுப்பினர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் மார்ட்டின் கில்பர்ட் அறிக்கையைப் பார்க்காமலே 2015-ல் இறந்துவிட்டார்.

2016 ஜூலை 6 அன்று வந்தது. 12 தொகுதி, 26 லட்சம் சொற்கள்.

அவ்வளவு பெரிய அறிக்கை, சுருக்கமா என்னதான் சொல்லுது?

ஆயுதங்களைக் களைவதற்கான அமைதி வழிகள் தீர்வதற்கு முன்பே பிரிட்டன் போருக்குப் போனது. அந்த நேரத்தில் இராணுவ நடவடிக்கை கடைசி வழியாக இருக்கவில்லை. சட்ட அடிப்படை முடிவு செய்யப்பட்ட விதம் திருப்திக்கு வெகுதூரத்தில் இருந்தது. போருக்குப் பிந்தைய திட்டமிடல் போதாது. வீரர்களுக்குக் கவச வண்டிகள் தாமதமாகக் கிடைத்தன. போர் சட்டபூர்வமா இல்லையா என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லத் தகுதியுள்ள நீதிமன்றம் தாங்கள் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஏன் யாருக்கும் தண்டனை இல்லை?

வாசல்கள் ஒவ்வொன்றாக மூடியிருந்தன. ஆக்கிரமிப்புப் போர் என்ற குற்றம் பன்னாட்டுச் சட்டத்தில் உண்டு, பிரிட்டனின் உள்நாட்டுச் சட்டத்தில் இல்லை என்று 2006-லேயே பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்பளித்திருந்தார்கள். அதனால் ஈராக்கின் முன்னாள் படைத்தளபதி ஒருவர் பிளேர், ஸ்ட்ரா, கோல்ட்ஸ்மித் மூவர் மீதும் வழக்குத் தொடர முயன்றபோது, 2017-ல் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஹேக் நகரப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் இந்தக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் பெற்றது 2018 ஜூலையில்தான்; பழையதற்கு அது செல்லாது.

மிச்சம் இருந்தது நாடாளுமன்றம். சபையைத் தவறாக வழிநடத்தினாரா என்று ஒரு குழு விசாரிக்கட்டும் என 2016 நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்து தேசியக் கட்சி தீர்மானம் கொண்டுவந்தது. 439-க்கு 70 என்று தோற்றது. கன்சர்வேட்டிவ்களும் லேபரும் சேர்ந்து தோற்கடித்தார்கள்.

எதிர்க்கட்சிக்காரங்க ஏன் பிளேரைக் காப்பாத்தணும்?

மேலே மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது. 2016-ல் பிரதமர்களாக இருந்த டேவிட் கேமரன், தெரசா மே இருவருமே 2003-ல் போருக்கு ஆதரவாக ஓட்டளித்தவர்கள். ஆதரித்து ஓட்டளித்தவர்கள் பொறுப்பில் தங்கள் பங்கை ஏற்க வேண்டும் என்று சில்காட் அறிக்கை வந்த அன்று கேமரன் சபையிலேயே சொன்னார். அதைச் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் பங்கை ஏற்பது என்றால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

ஒரு அரசைக் கேள்வி கேட்க வேண்டிய வேலை எதிர்க்கட்சியுடையது. அது முதல் நாளே சேர்ந்து ஓட்டளித்துவிட்டால், பின்னால் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அதன் மீதே திரும்பி வருகிறது.

லேபர் கட்சி மன்னிப்பு கேட்டுச்சா?

2010-ல் தலைவரான எட் மிலிபாண்ட் போர் தவறு என்றார். போரை எதிர்த்து ஓட்டளித்த ஜெரமி கார்பின், 2016 ஜூலை 6 அன்று தலைவராகக் கட்சியின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதே நாளில் பிளேர் இரண்டு மணி நேரம் பத்திரிகையாளர்களிடம் பேசினார். குரல் தழுதழுத்தது. நீங்கள் அறிய முடிவதைவிட அதிகமான துயரமும் வருத்தமும் தனக்கு உண்டு என்றார். அதே நிலைமை வந்தால் அதே முடிவைத்தான் எடுப்பேன் என்றும் சொன்னார்.

அவர் துயரம் உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் முடிவைத் திரும்பப் பெறாத மன்னிப்பை வைத்துக்கொண்டு பிள்ளையை இழந்த வீட்டில் என்ன செய்வார்கள்?

இதனால எதாவது மாறுச்சா?

கொஞ்சம். எடின்பரோவில் ராபின் குக்கின் கல்லறைக் கல்லில் ஒரு வாசகம் இருக்கிறது. போரைத் தடுப்பதில் நான் வெற்றி பெறாமல் போயிருக்கலாம், ஆனால் போரைத் தீர்மானிக்கும் உரிமையை நாடாளுமன்றத்துக்குப் பெற்றுத் தந்தேன் என்று. 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியாவைத் தாக்க கேமரன் கேட்ட அனுமதியை சபை 285-க்கு 272 என்று மறுத்தபோது அந்தக் கல்லை நினைத்துக்கொண்டேன். அன்று எழுந்து பேசியவர்கள் பலர் வாயில் ஈராக் என்ற சொல் வந்துகொண்டே இருந்தது.

ஆனால் அது வழக்கம், சட்டம் இல்லை. 2018 ஏப்ரலில் தெரசா மே ஓட்டெடுப்பு இல்லாமலே சிரியா மீது ஏவுகணைத் தாக்குதலுக்கு உத்தரவிட்டார். ஓட்டெடுப்புக்கு முன்பு அரசின் முழுச் சட்ட ஆலோசனையையும் எம்.பி.க்களுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்ற விதி இன்றும் இல்லை. மேலே சொன்ன 13 பக்கங்களுக்கு நேர்ந்தது மறுபடி நேரலாம்.

செத்துப்போன ஈராக்கியர்களுக்கு யார் பதில் சொன்னது?

இந்தக் கேள்வியைக் கேட்டது பதினேழு வயதுப் பெண். மற்ற எல்லோரும் பிளேரைப் பற்றியே கேட்டார்கள்.

இறந்த 179 பிரிட்டிஷ் படையினரின் பெயர்களும் தெரியும். அறிக்கை வந்த காலையில் அவர்களின் குடும்பங்களை லண்டனில் ஒரு மாநாட்டு மண்டபத்துக்கு அழைத்து, மற்றவர்களுக்கு முன்பே படிக்கக் கொடுத்தார்கள். ஈராக்கியர்களைப் பற்றி அறிக்கை சொல்வது, 2009 ஜூலைக்குள் குறைந்தது ஒன்றரை லட்சம் பேர் இறந்திருந்தார்கள், அநேகமாக இன்னும் பலர், பெரும்பாலோர் பொதுமக்கள் என்பது. பொதுமக்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று அறிய பிரிட்டிஷ் அரசு இன்னும் முயன்றிருக்க வேண்டும் என்றும் அது குறை சொல்கிறது. “குறைந்தது”, “அநேகமாக” என்ற சொற்களைக் காட்டி அந்தப் பெண்ணிடம் விளக்கினேன். அப்போது யாரும் எண்ணவே இல்லையா என்று கேட்டாள். பிரிட்டிஷ் அரசு எண்ணவில்லை என்றேன்.